சுவரில் இருந்த பயணிக்கு முதல் பத்திரிகை

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன மனிதன் அதைப் பயணக் கட்டுரையாக எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் போன இடத்தில் நான் செய்து வைத்த காரியம் ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையால் வந்தது. அதனால் அதை இந்த வடிவத்திலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது புனேயில். எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரத்துப் பக்கம், மனைவி வசந்தாவுக்குச் சிதம்பரம். ஊர்ப்பக்கத்து உறவுகளுக்கு இருவரும் சேர்ந்து போய்ப் பத்திரிகை வைப்பதாகத்தான் ஏற்பாடு. கிளம்ப இருந்த வாரத்தில் வசந்தா குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் புறப்பட்டேன்.

புறப்படும் முன் அவள் எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். குலதெய்வத்துக்கு வைத்த கையோடு நேரே சிதம்பரம் போக வேண்டும். மனிதர்களில் முதல் பத்திரிகை அவள் தம்பி செல்வத்துக்கு. அவன்தான் பெண்ணுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். அவன் வராமல் போனால், கல்யாணம் நடந்தாலும் அவள் தலை நிமிர்ந்து நிற்க முடியாது.

வராமல் போவானோ என்ற பயத்துக்குக் காரணம் இருந்தது. அக்காவும் தம்பியும் பேசிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மாமனார் இறந்தபோது நாங்கள் புனேயிலிருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா என்று இவள் கேட்டாள். அந்த வெயிலில் அப்பாவை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று அவன் கேட்டான். இரண்டு பேரும் கேட்டது நியாயம்தான். யாருடைய கேள்விக்கும் பதில் இல்லாததால் பேச்சு அப்படியே நின்றுபோனது. கல்யாணத் தேதியைக்கூட நான்தான் அவனுக்குப் போனில் சொன்னேன். சந்தோஷமாகத்தான் பேசினான். அக்காவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்ற உறைகளில் எல்லாம் பெயரை மகள் ரேவதி அச்சடித்து ஒட்டிவிட்டாள். செல்வத்தின் உறையை மட்டும் வசந்தா எடுத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, "தம்பி செல்வம், தேவி" என்று எழுதினாள். மை காயும் வரை அதைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"நான் வரலன்னாலும் இது போவுதுல்ல" என்றாள்.

அந்த உறையைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் காரியமெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. விருத்தாசலத்தில் விடியற்காலை இறங்கி, கம்மாபுரம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடுகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கம் மலையே கிடையாது. இப்போது பஸ்ஸில் வந்த ஒருவர் தன் குழந்தைக்கு அதை "மலை" என்றே காட்டிக்கொண்டிருந்தார். இறங்கியதும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். புனேயில் காலைப் பலகாரம் என்றால் பாவ் ரொட்டிக்குள் வடையைத் திணித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே இலையில் இட்லியைப் போட்டுவிட்டு, வடகறி வாளியோடு ஒருவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வருவதில்லை.

பச்சைவாழியம்மன் கோயிலில் பூசாரி பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார். "அடுத்து தாய்மாமன் வூடுதான?" என்று கேட்டார். "ஆமாம், நேரே அங்கேதான்" என்றேன். சாமி சந்நிதியிலேயே சொன்னேன்.

சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் மத்தியானத்துக்குள் சிதம்பரம். ஆனால் முதலில் வந்தது கடலூர் பஸ். ஏறிவிட்டேன்.

எனக்குப் பழைய ரயில் பாதைப் பைத்தியம் உண்டு. எங்காவது மீட்டர் கேஜ் காலத்துத் தண்டவாளத் துண்டு கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் போய்ப் படம் எடுக்காமல் இருக்க முடியாது. புனேயில் இதே பைத்தியம் பிடித்த சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கடலூர் முதுநகரில், பழைய ரயிலைத் தெருச் சுவரில் ஓவியமாக வரைந்து வருகிறார்கள் என்று அதில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். செல்வத்துக்குப் போன் செய்து, "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன் மச்சான்" என்றேன்.

"தாராளமா வாங்க மாமா. வஞ்சிரம் வாங்கி வைக்கச் சொல்றேன்" என்றான்.

வசந்தாவிடம் சொல்லவில்லை.

அன்று இரவு மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் முதுநகர். நெத்திலிக் கூடையோடு ஓர் அம்மா என் மடிமேல் பாதி உட்கார்ந்து வந்தார். "கொஞ்சம் ஒதுங்குங்க சார்" என்று என்னிடமே சொன்னார். ஒதுங்க இடம் இருந்திருந்தால் வெளியே விழுந்திருப்பேன்.

ரயில் நிலையத்துக்குத் துறைமுகச் சந்திப்பு என்று பெயர் பெரிதாக இருக்கிறது. நான் போன நேரத்தில் நடைமேடையில் நானும் இரண்டு நாய்களும்தான். கல்யாணமான புதிதில் வசந்தாவை அழைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து இந்த வழியாக மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போயிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணெல்லாம் தூசி. பாதையை அகலமாக்கியபோது பிடுங்கிய பழைய தண்டவாளங்களில் சில துண்டுகள் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு வீட்டு வேலிக்குக் காலாக நின்றது ஒன்று. தேய்ந்த முனையைத் தொட்டுப் பார்த்தேன். அதில் கட்டியிருந்த கயிற்றில் பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. படம் எடுக்கப் போன என்னை வீட்டுக்காரம்மா பார்த்த பார்வையில் அந்த இடத்தைவிட்டு வேகமாக நடந்தேன்.

ஓவியச் சுவர் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் இருந்தது. பார்த்ததும் உண்மையிலேயே மனசு நிறைந்துவிட்டது. தெரு நீளத்துக்கு ஒரு ரயில். முன்னால் புகை கக்கும் நீராவி எஞ்சின், நடுவில் நாம் பயணம் செய்த பெட்டிகள், கடைசியில் இன்றைய மின்சார ரயில். ஒரே ரயிலாக எல்லாம் கோத்திருந்தது. நடுப்பெட்டி ஜன்னலிலிருந்து மீசைக்காரர் ஒருவர் கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கைக்கு எதிரே ஒன்றும் இல்லை. சாக்கட்டியில் ஒரு கோட்டுருவம் மட்டும் இருந்தது.

சாரத்தில் நின்றிருந்த ஓவியர் சின்னப் பெண். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

"அங்க வட விக்கிறவரு ஒருத்தர் வரணும் சார். அவர்கிட்டதான் கை நீட்டுறாரு. சாயங்காலத்துக்குள்ள போட்டுருவேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். பெட்டிகளுக்கு நீலம் அடித்திருந்தாள். மீட்டர் கேஜ் பெட்டிக்கு நீலம் ஏது, செங்கல் சிவப்பல்லவா என்று ஆரம்பித்து, ஜன்னல் கம்பி, பலகை இருக்கை, கதவுப் பிடி என்று ஒரு பாடமே நடத்திவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்களுக்குக் குடுத்த போட்டோல நீலந்தான் சார் இருந்துச்சு. பாக்குறவங்களுக்கு ரயில்னு தெரிஞ்சா போதும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தூரிகையை எடுத்தாள். "அந்த ஜன்னல் பக்கம் மட்டும் தொடாதீங்க சார். இப்பதான் அடிச்சேன். காயல."

"சரிம்மா, சரிம்மா" என்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வெறும் கை, நீட்டிய கை, என் பையில் பத்திரிகைகள். குழுவில் ஒரு கலக்குக் கலக்கலாம் என்று தோன்றியது. தாம்பாளத்தை எடுத்து, வாங்கி வைத்திருந்த வெற்றிலை பாக்கு, பழத்தை அதில் அடுக்கினேன். பையில் மேலாக இருந்த உறையை எடுத்தேன். மஞ்சள் தடவி, கையால் பெயர் எழுதி, பார்க்க லட்சணமாக இருந்தது அது ஒன்றுதான். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன்.

"யாருக்கு சார் பத்திரிக வைக்கிறீங்க?"

"இந்த ரயில்ல போறவருக்கு."

"வந்துருவாரா?"

"குடும்பத்தோட வருவாரு."

டீக்கடையே சிரித்தது. நான் இடுப்பை வளைத்து, தாம்பாளத்தைத் தாழ்த்தி, உறையை மீசைக்காரரின் விரல்களுக்குள் செருகுவதுபோல் சுவரோடு வைத்து நின்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தி வையுங்கள், கையில் பிடித்த மாதிரி இருக்கும் என்றார் ஆட்டோக்காரர். அழுத்தி வைத்தேன். படம் பிரமாதமாக வந்திருந்தது. குழுவில் போட்டேன். அதோடு விட்டேனா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். "ரேவதி கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை, ரயில் பயணி ஒருவருக்கு" என்று கீழே எழுதினேன்.

புனேயிலிருந்து பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் குஷியில் மத்தியான ரயிலை விட்டுவிட்டேன். பஸ்ஸில் போயிருக்கலாம். பழைய பாதையில்தான் போவேன் என்று பிடிவாதம். முதுநகரிலேயே ஒரு மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டேன். மீனைவிடக் குழம்பு ருசியாக இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். சிதம்பரத்தில் ஒரு வீட்டில் வஞ்சிரத்தை வறுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்த நேரம் அது.

சாயங்கால பாசஞ்சர் ஆலப்பாக்கத்தைத் தாண்டி, புதுச்சத்திரத்தில் எதிர் ரயிலுக்காக நின்றபோது வசந்தா கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"ரயில்ல. இதோ வந்துட்டேன்."

"ஸ்டேட்டஸ்ல என்னா வச்சிருக்கீங்க?"

குரலே சரியில்லை. விளையாட்டுக்கு என்று ஆரம்பித்தேன்.

"தம்பி பொண்டாட்டி அத எனக்கு அனுப்பிக் கேக்குறா. 'செவத்துக்கு வச்சப்புறந்தான் எங்களுக்கா அண்ணி'ன்னு. இத்தன வருஷம் கழிச்சு அந்த வூட்லேர்ந்து எனக்கு வந்த மொத சேதி இதுதாங்க."  பிறகு, "என்னால வர முடியலன்னுதானங்க என் கையால எழுதிக் குடுத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்டேட்டஸை உடனே அழித்தேன். பிறகுதான் பையைத் திறந்து உறையை எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலை முழுக்க நீலம். மஞ்சள் தடவியிருந்த இடத்தில் நீலம் பட்டு, பாசி மாதிரி பச்சையாகிப் போயிருந்தது. கைக்குட்டையில் தண்ணீர் நனைத்துத் துடைத்தேன். நீலம் இழுபட்டு "தம்பி" என்ற எழுத்துகள்மேல் ஏறிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மையும் கரைந்தது.

எதிர் இருக்கையில் ஓர் அம்மா, பக்கத்தில் சட்டைப்பை நிறைய பேனா வைத்திருந்த ஒரு பெரியவர். அந்த அம்மா கடலூர் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டுக் கிள்ளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பெரியவர் சிதம்பரத்தில் ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நின்ற ரயிலில் வேறு வேலை இல்லாததால் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்திரிகையா? என்னா ஆச்சு?" என்றார் பெரியவர்.

சொன்னேன். சுவரில் வைத்ததைச் சொன்னபோது சிரித்தார்கள். யாருடைய பத்திரிகை என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"தாய்மாமனுக்கு உள்ளதையா கொண்டுபோய் செவத்துல வச்சீங்க?" என்றார் அந்த அம்மா. ஜன்னலோரத்தில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"கறை பட்டத எப்பிடி சார் தாய்மாமன் கையில குடுப்பீங்க? அபசகுனம்பாங்க" என்றார் பெரியவர். "வேற உறை இருக்குல்ல? பேர எழுதிக் குடுத்துட்டுப் போங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்பிடியே குடுங்க" என்றார் அந்த அம்மா. "பெயின்ட் பட்டுடுச்சுன்னு சொல்லுங்க. அக்கா எழுதுனதுதான? திட்டுனா வாங்கிக்குங்க."

அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் பெரியவர் ஏற்கெனவே ஒரு பேனாவை எடுத்து நீட்டிவிட்டார். திட்டு வாங்குவதைவிட எழுதுவது சுலபமாக இருந்தது. வேறு யாருக்கோ இருந்த உறை ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த பெயரைக் கிழித்துவிட்டு, மடியில் வைத்து வசந்தாவின் எழுத்தைப்போலவே சாய்த்துச் சாய்த்து எழுதினேன். ஐம்பது வயதுக்கு மேல் பெண்டாட்டியின் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போடுகிறவனைக் கிள்ளை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் புறப்பட்டது. கறை பட்ட உறையை என்ன செய்வது? பையில் வைத்திருந்தால் செல்வத்தின் வீட்டில் யார் கண்ணிலாவது படும். கசக்கி இருக்கைக்கு அடியில் போடப் போனேன்.

"ஐயையோ, மஞ்ச தடவுனத காலு படுற எடத்துல போடாதீங்க" என்று அந்த அம்மா பதறினார். "முடிவு பண்ணிட்டீங்க. இனிமே சொல்லி என்னா? ஆத்துலயாவது விடுங்க."

பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாறு வந்தது. கழிமுகம் பக்கமென்பதால் கரை முட்டத் தண்ணீர். பாலத்தின்மேல் ரயில் மெதுவாகப் போனது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உறையை விட்டுவிட்டேன். காற்றில் திரும்பித் திரும்பி, எழுத்துப் பக்கம் மேலாகத் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. சாமி நிர்மாலியத்தை ஆற்றில் விட்டதுபோல ஒரு நிம்மதி வந்தது என்பதையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ரயில் ஏறும்போது போனில் சொல்லியிருந்ததால், சிதம்பரம் ஸ்டேஷனில் செல்வம் பைக்கோடு நின்றிருந்தான். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தான். வெளியே ஏதோ சுவரில் ஓவியம் இருந்த மாதிரி நினைவு. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க மாமா. ரயில் லேட்டா?" என்று பையை வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் ரேவதியைப் பற்றித்தான் கேட்டான். மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை, பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா. ஸ்டேட்டஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அவன் மனைவி தேவி "வாங்கண்ணா" என்றதோடு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் எனக்காக வறுத்த மீனைச் சூடு பண்ணி ராத்திரி பரிமாறினாள். செல்வமும் அப்போதுதான் என்னோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டான். மத்தியானம் எனக்காக வைத்திருந்துவிட்டு, அவர்கள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். முதுநகர் மெஸ்ஸில் இரண்டாவது கரண்டி குழம்பு வாங்கியவன் அந்த மீனை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"பத்திரிக காலம்பற வச்சிக்கலாம் மாமா. நல்ல நேரத்துல" என்றான் செல்வம்.

மூன்றாம் நாள் காலை. இட்லிக்குக் கொத்சு. சிதம்பரத்துக்கு வந்தால் அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுவது என் வழக்கம். அன்று கத்தரிக்காய் வாயில் கரைந்ததா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

நல்ல நேரம் பார்த்து இருவரும் வந்து கிழக்கே பார்த்து நின்றார்கள். செல்வம் குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, புது வேட்டி கட்டியிருந்தான். பத்திரிகை வாங்குவதற்குப் புது வேட்டி. தேவி தலைநிறையப் பூ வைத்திருந்தாள். நான் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பூவோடு உறையை வைத்து நீட்டினேன். "ரேவதிக்குக் கல்யாணம். குடும்பத்தோட முந்தின நாளே வந்து, நீதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும் மச்சான்" என்றேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த வார்த்தைகள்.

இருவரும் சேர்ந்து தாம்பாளத்தை வாங்கினார்கள். செல்வம் உறையைக் கையில் எடுத்தான். முன்பக்கம் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடியும் முன்பக்கம்.

"இது அக்கா எழுதுனது இல்லயே மாமா" என்றான்.

நான் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

"நேத்து போட்டோல பாத்தேன். செவத்துக்குக் குடுக்குறாரு பாருன்னு இவதான் சத்தம் போட்டா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் பெருசா தெரியல. நீங்க எப்பவும் வெளயாட்டுதான." குரல் இறங்கியது. "பெருசு பண்ணிப் பாத்தேன். தம்பின்னு போட்டிருந்துச்சு. அக்கா எழுத்து. நேத்து பூரா அதுக்குத்தான் மாமா காத்துக்கிட்டிருந்தேன். அது எங்க?"

பெயின்ட் பட்டுவிட்டது என்றேன்.

"பரவால்ல, குடுங்க."

"துடைச்சேன். இன்னும் கெட்டுப்போச்சு."

"அதனால என்னா மாமா? குடுங்க" என்று கையை நீட்டினான்.

பொய் சொல்ல இடம் இருந்தது. லாட்ஜில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. வெள்ளாற்றில் விட்டுவிட்டேன் என்றேன். புது உறையில் எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

தேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. செல்வம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிள்ளை அம்மா சொன்னார். அவன் திட்டவில்லை. எழுந்து ஊரைப் பார்க்கப் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. பெண்ணின் கல்யாணத்தை இந்த வீட்டுக் கூடத்திலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வசந்தா. நல்ல நேரம் முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் என்று செல்வத்துக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அக்கா" என்றான்.

 போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான்தான்க்கா... ம்... வச்சிட்டாரு. இப்பதான்." அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வந்துச்சுக்கா. ஆமா, நீ எழுதுனதுதான். கையிலதான் வச்சிருக்கேன்... இல்ல, இல்ல, நல்லாத்தான் இருக்கு, கறையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவரு போட்டோவுக்குச் சும்மா வச்சிருக்காரு. நீ அத நெனச்சுக்கிட்டு இருக்காத... கால் எப்பிடி இருக்கு?... அழுவாதக்கா. ஏன் அழுவுற? மாமன் நான் வராம பொண்ண யார் கூட்டியாருவா?"

அவன் இன்னொரு கையில் நான் எழுதிய உறை இருந்தது.

நெடுநேரம் பேசினார்கள். அப்பாவைப் பற்றியும் பேசினார்கள் என்று நினைக்கிறேன். நான் வாசலுக்குப் போய்விட்டேன். பிறகு தெருவுக்கே வந்து போனைக் கொடுத்தான். "அக்கா உங்ககிட்ட பேசணுங்குது மாமா" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காபி போடச் சொல்ல உள்ளே போனான்.

வசந்தாவின் குரல் அழுது அழுது அடைத்திருந்தது. ஆனால் அவள் அப்படிச் சந்தோஷமாகப் பேசிக் கேட்டுப் பல காலம் ஆகிவிட்டது.

"நேத்து கோவத்துல ஜாஸ்தி பேசிட்டேங்க. மனசுல வச்சிக்காதீங்க" என்றாள். "எழுதுனது அவன் கைக்குப் போயிடுச்சு. பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துட்டீங்க. எனக்கு அது போதுங்க."

"சரி" என்றேன்.